உயிர்மரத்தின் இரண்டாவது பறவை

எங்கள் வெர்பிவ்கா கிராமத்தில் நான் முடித்து வைத்த கல்யாணங்கள் நாற்பத்து மூன்று. நாற்பத்து ஒன்று என்று என் மனைவி கிலினா சொல்வாள். அவளுக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம். மற்றபடி முப்பத்தெட்டு வருஷம் சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு லாரி ஓட்டினேன். நான் ஏற்றிய கிழங்கையெல்லாம் ஒரே நாளில் கொட்டியிருந்தால் பொல்தாவா நகரம் மாதா கோவில் மணி வரைக்கும் புதைந்து போயிருக்கும். ஆனாலும் ஊரில் யாரும் என்னை டிரைவர் ஒமெல்கோ என்று சொல்வதில்லை. தூதர் ஒமெல்கோ என்பதுதான் பேர். பெண் கேட்டுப் போக ஒரு வாய் வேண்டும் என்றால், சுற்றுவட்டத்தில் பதினெட்டு கிராமத்துக்கும் இந்த வாய்தான்.

தூதர் வேலை என்றால் புளுகுவதுதான். கையில் தடி, கக்கத்தில் ரொட்டி, பெண் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். யார் என்று கேட்டால், நாங்கள் துருக்கி ராஜாவின் வேட்டைக்காரர்கள், தங்க வால் நரி ஒன்றைத் துரத்தி ஏழு கடல் தாண்டி வந்தோம், அதன் கால் தடம் உங்கள் வாசலில் வந்து நிற்கிறது என்று அவிழ்த்து விடவேண்டும். பெண்ணின் அப்பா, இங்கே நரி ஏதும் இல்லை, ஒரு பெண்தான் இருக்கிறாள் என்பார். பிடித்திருந்தால் பெண் தன் வீட்டில் பூத்தையல் போட்ட பூத்துண்டு கொண்டுவந்து தூதரின் தோளில் குறுக்கே கட்டுவாள். பிடிக்காவிட்டால் பூசணிக்காய். எனக்கு இரண்டே இரண்டு முறைதான் பூசணிக்காய் கிடைத்தது. அதில் ஒன்றை மூன்று பேராக உருட்டிக்கொண்டு வந்தோம். ஈஸ்டர் வரைக்கும் அதில்தான் கஞ்சி. வேண்டாம் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளையும் தினம் கிண்ணத்தோடு வந்து சாப்பிட்டுப் போனான்.

இதில் ஒரு நியாயம் உண்டு. கையில் தடியும் கக்கத்தில் ரொட்டியும் இருக்கும்வரை தூதர் சொல்வது பொய் என்று தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அது இரண்டும் இல்லாமல் ஒரு தூதர் கல்யாணப் பேச்சை எடுத்தால் அது வாக்கு. வெர்பிவ்காவில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

மோத்ரியா எங்கள் பக்கத்து வீடு. புருஷன் இல்லை. ஒரே பையன் திமிஷ். போர் தொடங்கிய மாசத்திலேயே ராணுவத்தில் சேர்ந்து போய்விட்டான். ஒன்றரை வருஷம் கழித்து, செப்டம்பரில், பத்து நாள் விடுப்பில் வந்தான். ஒன்பதாம் நாள், வீட்டுக்கு மாவு அரைத்து வர வேண்டும் என்று என் பழைய ழிகுலி காரில் ஏறிக்கொண்டான். அந்தக் காரின் சத்தத்தில் எதிரியின் டாங்கிப் படையே திரும்பி ஓடும். தபால் ஆபீஸைத் தாண்டும்போது, அங்கே வேலை பார்க்கும் உலியானா வாசலில் நின்று கை அசைத்தாள். இவனும் கையைத் தூக்கினான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்:

"மாமா, தூதருக்கு எத்தனை துண்டு கட்டுவாங்க?"

ஒன்று, வாய் நன்றாக இருந்தால் இரண்டு என்றேன். சிரித்தான். லைட்டர் இருக்கிறதா என்றான். கொடுத்தேன். அவ்வளவுதான். மில்லுக்குப் போய்த் திரும்பும்வரை தூங்கிக்கொண்டே வந்தான்.

மாவு மூட்டையை மோத்ரியா வீட்டு வாசலில் இறக்கினேன். அவன் உள்ளே படுக்கப் போனான். அவள் முற்றத்தில் அடுப்பு மூட்டி, அண்டாவில் பிளம் பழம் கிண்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவன் கிளம்புகிறான். அவள் முகத்தைப் பார்த்தால் அண்டாவில் இருப்பது பழம் இல்லை, அவளுடைய வயிறு என்று தோன்றும். எனக்கு அந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் தாங்காது. எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட வேண்டும். அது எனக்கு ஒரு வியாதி.

அதனால் சொன்னேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உன் பையன் என்னைத் தூதுக்குப் பேசிவிட்டான் என்றேன். கரண்டி நின்றது. யார் வீட்டுக்கு என்றாள். உலியானா என்றேன். அப்புறம் பிரேக் இல்லாத லாரி மாதிரி ஆகிவிட்டது என் நாக்கு. வசந்தத்தில் கல்யாணம், ஆப்பிள் மரம் பூக்கிற வாரம், இரண்டு துண்டு கட்டச் சொல்கிறான், வாத்தியக்காரர்களைக்கூட யோசித்து வைத்திருக்கிறான் என்று அடுக்கினேன். அவனிடம் ஏதும் கேட்டுவிடாதே, வெட்கப்படுவான், என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான் என்றும் சொல்லிவைத்தேன். அது என் பொய்க்கு நான் போட்ட பூட்டு.

அவள் சிரித்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. அண்டாவில் பழம் அடிப்பிடித்துப் போனது. அந்த வருஷத்து ஜாம் முழுக்கக் கருகல் வாசனை. கிலினா அதைத் தின்றுவிட்டு மூன்று நாள் என்னைத் திட்டினாள். நான் போய் அவளைப் பேச்சில் இழுத்துத்தான் பழம் கருகியது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

என் கையில் அன்றைக்குத் தடி இல்லை. ரொட்டி இல்லை. மாவு மூட்டைதான் இருந்தது.

அக்டோபரில் மோத்ரியா பொல்தாவா சந்தைக்குப் போய் ஒரே நீளத்தில் வெட்டாத லினன் துணி வாங்கி வந்தாள். வியாழக்கிழமை காலையில் குளித்து, ஜெபம் சொல்லி, சிவப்பு நூலைக் கோத்தாள். கல்யாணத் துண்டை அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். கோபமாக இருக்கிற அன்றைக்கு ஊசியைத் தொடக்கூடாது. அழுதுகொண்டு தைக்கக்கூடாது. பின்பக்கம் ஒரு முடிச்சுகூட இருக்கக்கூடாது.

கீழே ஒரு பானை. பானையிலிருந்து எழும்பும் உயிர்மரம். எங்கள் துண்டுகளில் எல்லாம் அந்த மரம்தான். அதன் வேரில் இருப்பவர்கள் செத்துப்போன முன்னோர்கள், நடுவில் இருக்கிறவர்கள் நாம், உச்சி மொட்டு இனிமேல் பிறக்கப் போகிறவர்கள். பூக்கள் பதினொன்று. ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும். இரட்டைப்படைப் பூ கல்லறைக்கு. மரத்தின் அடியில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அலகும் அலகும் பார்த்துக்கொள்ளும் மாதிரி இரண்டு பறவைகள். அவைதான் மாப்பிள்ளையும் பெண்ணும்.

குளிர்காலம் முழுவதும் தைத்தாள். கரண்ட் இல்லாத நாட்களில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். நான் போய் எதிரில் உட்காருவேன். உண்மையைச் சொல்ல எனக்கு நாற்பது நாள் கிடைத்தது என்று வையுங்கள். இல்லை, நூறு நாள். இந்த ஒரு கணக்கில் நான் குறைத்துத்தான் சொல்லுவேன். ஒவ்வொரு நாளும் அந்த மரத்தில் ஒரு கிளை கூடியிருக்கும். அவள் முகத்தில் ஒரு வரி குறைந்திருக்கும். எப்படிச் சொல்வது? பெண் பறவையின் வால் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், உலியானாவுக்கு நீளமான கூந்தல் என்று யோசனை வேறு சொன்னேன். அவளும் பிரித்து நீளமாகத் தைத்தாள்.

கிலினாதான் ஒருநாள் சமையலறையில் வைத்துப் பிடித்தாள். திமிஷ் நிஜமாகவே அப்படிச் சொன்னானா என்று கேட்டாள். பாதி சொன்னான் என்றேன்.

"நாப்பது வருஷமா உன்னோட பாதியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்யா. ஒரு மீனைப் பாதின்னு சொன்னா அதுல ஒரு செதில்தான் நிஜமா இருக்கும்."

அவன் திரும்பி வந்ததும் நானே அவனிடம் பேசி உண்மையாக்கிவிடுவேன் என்றேன். அதுதான் என் திட்டம். உலியானா நல்ல பெண். திமிஷ் நல்ல பையன். நாற்பத்து மூன்றை முடித்தவனுக்கு இது ஒரு வேலையா? பொய்யை உண்மையாக்க எனக்கு வசந்தம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம் ராணுவ அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வண்டி தெருவில் திரும்பும்போதே தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. எந்த வாசலில் நிற்கும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். என் வாசலைத் தாண்டியது. அடுத்த வாசலில் நின்றது.

மோத்ரியா கத்தவில்லை. காகிதத்தை வாங்கினாள். வந்தவர்களுக்கு டீ போட்டாள். அவர்கள் குடிக்க முடியாமல் குடித்தார்கள். அவர்கள் போனதும் துண்டை எடுத்து மேஜையில் விரித்தாள். மரம் முடிந்திருந்தது. ஆண் பறவை முடிந்திருந்தது. பெண் பறவைக்குக் கண் மட்டும் பாக்கி.

பெண்கள் கூடினார்கள். ஒருத்தி துண்டைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பூவைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கிவிடு, கல்லறைச் சிலுவையில் கட்டலாம் என்று மெதுவாகச் சொன்னாள்.

"சேக்க மாட்டேன். இது கல்யாணத்துக்குத் தைச்சது. கல்யாணம் நடக்கும்" என்றாள் மோத்ரியா.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அங்கே இருந்த வயசானவர்களுக்கெல்லாம் புரிந்தது. கல்யாணம் ஆகாமல் செத்தவனை அப்படியே மண்ணில் வைத்தால் அவன் அந்தப் பக்கம் இடமில்லாமல் அலைவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அடக்கத்தையே கல்யாணமாகச் செய்வார்கள். கல்யாண ரொட்டி சுடுவார்கள். பைன் கிளை ஒன்றை வெட்டி, சிவப்புப் பழக்கொத்தும் நாடாவும் கட்டி, அந்த ரொட்டியில் நடுவார்கள். அதுவும் உயிர்மரம்தான். ஒரு பெண் தலையில் பூவளையம் வைத்து வருவாள். அவள் கையையும் சவப்பெட்டியின் கைப்பிடியையும் ஒரே பூத்துண்டால் கட்டி, கல்லறை வரைக்கும் நடத்திப் போவார்கள். தூதர் முன்னால் நடப்பார்.

எங்கள் ஊரில் கடைசியாக அது நடந்தது எனக்கு முப்பது வயசாக இருந்தபோது. ஆற்றில் மூழ்கிய பையன் ஒருவனுக்கு ஸ்தெபனீதா நின்றாள். அவளுக்கு அப்போது பதினெட்டு. மனசிரங்கி நின்றாள். அவ்வளவுதான், அந்த வீட்டு மருமகள் என்று ஆகிவிட்டாள். பையனின் அம்மா சாகும்வரை அவளை மகளே என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். அவளைக் கேட்டு ஊரில் ஒருத்தனும் வரவில்லை. இறந்தவனின் பெண்டாட்டியைக் கேட்கப் போகிற தூதர் யார்? வெளியூர்க்காரன் ஒருவன் ஒரு தடவை என்னிடம் வந்தான். நான் தடியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்தெபனீதா இப்போதும் கோடித் தெருவில் தனியாக ஆடு வளர்க்கிறாள். தெருவில் என்னைப் பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறாள்.

அடக்கத்துக்கு முதல் நாள் காலையில் மோத்ரியா வந்து என் வாசலில் நின்றாள். கையில் மடித்த துண்டு.

"தடியை எடுங்கண்ணே. உலியானா வீட்டுக்குப் போவோம்."

தடி கதவுக்குப் பின்னால் இருந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. முழங்கால் வலி, தடி வேண்டாம், அப்படியே நடக்கிறேன் என்று உளறினேன். உள்ளேயிருந்து கிலினா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்த அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தவரையில் அவள் கொடுத்த பெரிய தண்டனை.

உலியானா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. அவளுடைய அம்மா போலந்தில் வேலைக்குப் போயிருந்தாள். மோத்ரியாவைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். மோத்ரியா அவளை அழவிட்டாள். பிறகு துண்டைப் பிரித்து அவள் இரண்டு கையிலும் விரித்து வைத்தாள். வால் நீண்ட பறவையைக் காட்டினாள். இது நீ என்றாள்.

பெண்ணுக்குப் புரியவில்லை. மோத்ரியா எல்லாவற்றையும் சொன்னாள். வசந்தம், ஆப்பிள் பூ, இரண்டு துண்டு, வாத்தியக்காரர்கள். நான் செப்டம்பரில் சொன்ன ஒரு சொல்லையும் விடவில்லை. வரிசைகூட மாறவில்லை. ஆறு மாதம் தினமும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். என் புளுகு வேறு ஒருவர் வாயில் அவ்வளவு அழகாக இருந்து நான் கேட்டதே இல்லை.

"சித்தி, நான் அவரோட ரெண்டு தடவைதான் பேசியிருக்கேன்" என்றாள் உலியானா. "ஒரு தடவை ஸ்டாம்பு வாங்க வந்தாரு. இன்னொரு தடவை மழைக்கு ஒதுங்கினாரு."

"உங்கிட்ட பேசலம்மா. அவன் கூச்சக்காரன். ஆனா தூதர்கிட்ட பேசிட்டான். இவரைக் கேளு."

உலியானா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. பயந்து போவாள், மறுப்பாள், என்னைக் காப்பாற்றுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் மெல்லச் சிவந்தது. மழைக்கு ஒதுங்கிய அந்த ஒரு நாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"மாமா, நிஜமா என்னைத்தான் சொன்னாரா?"

நான் துணிக்கொடியைப் பார்த்தேன்.

"சொல்லியிருந்தா நான் நிக்கிறேன். கைய கட்டிக்கிறேன். எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீங்க சொல்லுங்க, போதும்."

ஆம் என்ற ஒரு சொல் போதும். மோத்ரியாவுக்கு ஒரு மருமகள். செத்தவனுக்கு ஒரு கல்யாணம். அதற்காக இந்தப் பெண் கோடித் தெருவில் ஒரு வீட்டையும் நாலு ஆட்டையும் பார்த்துக்கொண்டு கிழவியாவாள். இல்லை என்றால் அவள் தப்பிப்பாள், மோத்ரியாவிடம் மிச்சமிருக்கும் ஒரே ஒன்றை நான் பிடுங்குவேன். நாற்பத்து மூன்று வாசலில் நின்று பேசிய வாய் இது.

"இல்லம்மா" என்றேன். "அவன் சொல்லல. துண்டு எத்தனை கட்டுவாங்கன்னு கேட்டான். அவ்வளவுதான். உன் பேரை அவன் எடுக்கல. மீதி நான் கட்டினது."

துணிக்கொடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உலியானா முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. அரை நிமிஷம் அவளை ஒருத்தன் விரும்பியிருந்தான். அதையும் நான்தான் கொடுத்தேன், நான்தான் எடுத்தேன். அவள் துண்டை மடிக்கத் தெரியாமல் மடித்து மோத்ரியாவிடம் நீட்டினாள்.

மோத்ரியா என் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள போம்மா" என்றாள் அவளிடம். "ஈரக் கையோட குளிர்ல நிக்காத."

வழி முழுவதும் நான் அவள் பின்னால் நடந்தேன். ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகல் முழுக்க ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது வெளியிலிருந்து தெரிந்தது. பெண் பறவையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடிச்சே இல்லாமல் தைத்தது. நுனி எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

மறுநாள் அவனைக் கொண்டுவந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து கல்லறை வரைக்கும் ஊர் ஜனம் இரண்டு பக்கமும் மண்டியிட்டது. எவ்வளவு பேர் என்று நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஊரில் இருந்த அத்தனை பேரும். உலியானா கூட்டத்தோடு கூட்டமாகச் சேற்றில் மண்டியிட்டிருந்தாள். அவள் தலையில் கறுப்புத் துணி மட்டும் இருந்தது. கல்யாண ரொட்டி சுடவில்லை. பைன் கிளையை யாரும் வெட்டவில்லை. திமிஷ் கல்யாணம் ஆகாதவனாகவே போனான். மூடிய பெட்டி. அம்மாவுக்குக்கூடத் திறந்து காட்டவில்லை.

சிலுவையில் மோத்ரியாவே துண்டைக் கட்டினாள். மரம், அதன் அடியில் ஒரு பறவை. எதிர்ப்பக்கத்தில் வெறும் துணி, அதில் நெருக்கமாக ஊசித் துளைகள், நீளமான வாலின் வடிவத்தில். மேலே பூக்கள் பன்னிரண்டு. பன்னிரண்டாவதன் நூல் மட்டும் கறுப்பு.

ஒன்பதாம் நாள் நினைவுச் சோறு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மத்தியானம், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிலினா நாற்காலி போட்டாள். போர்ஷ் சூப் ஊற்றி வைத்தாள். அவள் தொடவில்லை.

"அன்னிக்கு மில்லுக்குப் போகையில என்ன நடந்துச்சு. நீங்க கட்டினது இல்லாம சொல்லுங்க."

சொன்னேன். கையசைத்தது, கேட்டது, சிரித்தது, லைட்டர், தூக்கம். சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. அவள் இன்னும் காத்திருந்தாள். அவ்வளவுதான் என்றேன்.

"எப்படிச் சிரிச்சான்? சத்தமாவா?"

எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்படியே சொன்னேன்.

"அந்தப் பொண்ணத் திரும்பிப் பாத்தானா?"

"நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன், மோத்ரியா."

"தூக்கத்துல ஏதாவது பேசினானா? சின்னப் பிள்ளையில பேசுவான்."

என் நாக்கில் எல்லாம் தயாராக வந்து நின்றது. அம்மா என்று சொன்னான் என்று சொல்லலாம். ஒரே சொல். யாருக்கும் கெடுதல் இல்லாத சொல். கிலினா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"தெரியல" என்றேன். "கவனிக்கல."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். சரி என்றாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். வாசல்படியில் நின்று, கொஞ்சம் யோசித்தாள்.

"நாளைக்கும் வர்றேன்" என்றாள். "ஏதாவது ஞாபகம் வருதா பாருங்க."

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். இப்போது ஜூன் மாதம். தினம் மத்தியானம் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, கேட்கிறாள். நான் அதே அரை நிமிஷத்தைச் சொல்கிறேன்.